வெயில் வைத்து ஆடிய போக்கர்

1971ஆம் ஆண்டு ஜூன் பதினைந்தாம் திகதி செவ்வாய்க்கிழமை, மெல்போர்ன் புறநகரான கிளென் வேவர்லியில் டொக்டர் பார்த்தசாரதியின் வீட்டுக்கு மட்டும் வெயில் எறித்தது. அங்கே ஜூன் என்றால் குளிர்காலம். வேலிக்கு இந்தப் பக்கமும் தூறல், அந்தப் பக்கமும் தூறல். நடுவில் அவருடைய காணியின் அளவுக்கு வெட்டி வைத்தாற்போல நல்ல சித்திரை மாதத்து வெயில். டொக்டரின் மனைவி நாகலட்சுமி இதைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. பழைய பருத்திப் புடவையைப் புல்லில் விரித்து, அரிசி மாவைக் கிளறி, வடாம் பிழிந்து காயப்போட்டார். பின்னேரத்துக்குள் வடாம் கலகலவென்று காய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, அருமையான நாள் என்றார். மெல்போர்னில் ஒரே நாளில் நாலு பருவமும் வரும் என்று கூடுதலாக விளக்கமும் சொன்னார். அந்த ஊர்க்காரர்களுக்கு வானம் ஆடும் எந்தக் கூத்தும் புதினமில்லை. ஏப்ரலில் பிறந்த மகாராணிக்கு ஜூனில் பிறந்தநாள் விடுமுறை விடுகிற தேசம் அது.

அந்த விடுமுறைதான் எல்லாவற்றுக்கும் காரணம். முதல்நாள் திங்கட்கிழமை, அதே தெருவில் இருந்த விக்னராஜா வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆண்கள் சீட்டாட உட்கார்ந்தார்கள். விக்னராஜா டிராம் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் பொறியியலாளர். யாழ்ப்பாணத்துக்காரர், எதற்கும் விதிமுறை எழுதிவைக்கும் மனிதர். அந்நாளில் மெல்போர்னில் தமிழ்க் குடும்பங்கள் மிகக் குறைவு. இருந்தவர்களையும் சீட்டாட்டம் பிரித்துக்கொண்டிருந்தது. ஊரில் ஆடுகிற முன்னூற்றிநாலு ஆட்டத்துக்குக் கூட்டாளி வேண்டும். கூட்டாளி பிழையாகச் சீட்டை இறக்கினால் சண்டை வரும், சண்டை வந்தால் குடும்பங்கள் கதைக்காமல் விடும். அப்படி ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள் ஒரே கடையில் ஒரே தேங்காயை எடுத்துப் பார்த்துக்கொண்டு முகம் பார்க்காமல் நின்றன. ஆகவே பெண்கள் கூடிப் பேசி முன்னூற்றிநாலைத் தடைசெய்தார்கள். விக்னராஜா பட்டறையில் மத்தியான இடைவேளையில் கற்றுக்கொண்ட போக்கரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். போக்கரில் கூட்டாளி கிடையாது. அவரவர் தனித்தனியாக மோசம் போகலாம்.

ஆனால் போக்கருக்குப் பந்தயம் வேண்டுமே! ஒரு சதமாக இருந்தாலும் காசு வைத்தால் அது சூது, சூதாடுவது நம்மைப்போன்ற மரியாதையான ஆட்களுக்கு அழகில்லை என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். நெருப்புக்குச்சி வைக்கலாம் என்றால், விக்னராஜாவின் மனைவி திலகம் பெட்டியைப் பறித்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். கடைசியில் சுவரில் தொங்கிய கம்பளிக் கோட்டுகளின் பொத்தான்களை, யாழ்ப்பாணப் பேச்சில் தெறிகளை, அறுத்து மேசையில் குவித்தார்கள். இது அவர்கள் கண்ணுக்கு மரியாதையான காரியமாகப் பட்டது. விக்னராஜா சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "ஒரு தெறி, ஒரு நாள் வெயில் எண்டு வைப்பம். இஞ்ச அதைவிடப் பெறுமதியான சாமான் வேற என்ன கிடக்கு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் மறுநாள் காலை தங்கள் வீட்டு ஜன்னல்களில் உட்பக்கமாக உறைபனியைச் சுரண்டிக்கொண்டு, தெருக்கோடியில் டொக்டர் வீட்டுக் கூரை பளபளப்பதைப் பார்த்தார்கள்.

டொக்டர் எப்படி வென்றார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும், சொல்ல வெட்கமாக இருந்தாலும். போக்கரில் கையில் ஒன்றுமில்லாதவனும் பந்தயத்தை ஏற்றலாம். எதிரே இருப்பவன் ஒன்றில் சீட்டைக் கவிழ்த்து விலக வேண்டும், இல்லையென்றால் அதே அளவு பந்தயம் வைத்து, காட்டு என்று கேட்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இரண்டாவது வழி வாய்க்கவில்லை. டொக்டர் பார்த்தசாரதி கும்பகோணத்துப் பக்கம். சென்னையில் படித்து, லண்டனில் படித்து, எங்கள் எல்லாரையும்விடப் பதினைந்து இருபது வயது மூத்தவர். எங்கள் பிள்ளைகளின் காய்ச்சலுக்கு வீடு தேடி வருகிறவர். அப்படிப்பட்டவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு "ஏத்தறேன்" என்றால், அவரைப் பார்த்துக் காட்டு என்று கேட்பது, ஐயா நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்வதுதானே? யாருக்கு அந்தத் துணிவு வரும்? அவர் ஏற்றினார், நாங்கள் கவிழ்த்தோம். அவர் இன்னும் ஏற்றினார், நாங்கள் இன்னும் பணிவாகக் கவிழ்த்தோம். அவருடைய சீட்டுகளை ஒருவரும் பார்த்ததில்லை. டொக்டரோ இதைத் தன் மூளையின் பலம் என்று நம்பினார். அடுத்த வருடம் போக்கரில் மனத்தை அடக்குவது எப்படி என்று ஒரு மணிநேரம் பேசவும் செய்தார். நாங்கள் குறிப்பெடுத்தோம்.

1972இல் மேசை இரண்டானது. 1973இல் நாட்டுக் கதவு அகலத் திறந்து, எங்கள் ஆட்கள் விமானம் விமானமாக வந்து இறங்கினார்கள். மேசை பதினொன்றானது. விக்னராஜா போட்டிக்குச் சட்டதிட்டம் வகுத்து யாப்பு எழுதினார். யாப்பு வந்ததும் தலைவர் வந்தார், செயலாளர் வந்தார், இரண்டு உப செயலாளர்கள் வந்தார்கள், அவர்கள் ஒருவரோடொருவர் கதைக்காமலும் விட்டார்கள். வெயில் கிண்ணம் என்று ஒரு வெள்ளிக் கிண்ணம் பழைய சாமான் கடையில் வாங்கப்பட்டது. அதில் யாரோ பெண்கள் எப்போதோ புல்வெளியில் பந்து உருட்டி வென்றதாக ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. அதைச் சுரண்டக் குழு தீர்மானம் எடுத்தது, சுரண்டுவது யார் என்று தீர்மானம் எடுக்கவில்லை. ரோவிலில் மாடுகள் மேயும் வெளிக்கு நடுவே ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்தார்கள். காலை பத்து மணிக்கு ஆரம்பம் என்று அறிவித்தால் ஒன்றரைக்கு விளக்கேற்றுவார்கள். வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, அதற்கு நன்றியுரை எல்லாம் முடிந்து சீட்டைக் கையில் எடுக்கும்போது குளிர்காலத்துச் சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியிருக்கும். அந்தச் சூரியனைத்தான் பந்தயம் வைத்தோம்.

கணக்கில் ஒரு பிழையும் வரவில்லை. வென்றவர் வீட்டுக்கு வெயில் போனது, தோற்றவர் வீட்டுக்கு முகில் வந்தது, ஜூன் முதல் ஓகஸ்ட் வரை. கோடை வெயில் எல்லாருக்கும் பொது. வானிலைக் கந்தோரிலிருந்து ஒருவர் தடி ஒன்றோடும் குழாய் ஒன்றோடும் வந்து டொக்டர் வீட்டு முற்றத்தை அளந்தார். இடத்துக்கிடம் சிறு வித்தியாசம் இருப்பது வழமை என்று சொல்லி, நாகலட்சுமி கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

1974இல் சிட்னிக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் குணசீலன், ஈப்போவில் பிறந்து படிக்க வந்து அப்படியே தங்கிவிட்ட மலேசியத் தமிழர், சிட்னிப் புறநகரான டூங்கபியில் வீடு கட்டியவர், எதையும் வாய்விட்டுச் சொல்லிவிடும் ஆள். வந்த அன்றே தகராறு. டூங்கபியில் வெயில் தாராளம், ஆகவே மலிவு, மூன்று சிட்னிப் பொத்தான் கொடுத்தால்தான் இரண்டு மெல்போர்ன் பொத்தான் என்று எங்கள் குழு சொன்னது. "எங்க வெயில் கெட்டி வெயிலுங்க. உங்களோடது சும்மா வெளிச்சம். அதுல ஒரு துண்டு காயுமா?" என்று குணசீலன் கேட்டார். ஐந்து மாதம் பேசினோம். பேச்சு முறிந்து, சிட்னியில் அதே பெயரில் வேறொரு வெயில் கிண்ணம் தொடங்கியது. தாங்கள்தான் ஆதி என்று அவர்களும் எழுதிக்கொண்டார்கள். ஒன்றரை வருடத்தில் அது படுத்துவிட்டது. சிட்னியில் வெயிலை வெல்ல ஒருவருக்கும் அவசரமில்லை. எல்லாரும் ஒருவருக்கொருவர் தோற்கப் பார்த்தார்கள். 1976இல் திரும்பி வந்து சேர்ந்தார்கள். அந்த வருடம் குணசீலன் ஒரு மூட்டை வெயிலை வென்று ஹியூம் நெடுஞ்சாலை வழியே கொண்டுபோனார். ஜூலையில் அவர் வீட்டு வாழை குலை தள்ளியது. காரின் ஸ்டியரிங்கைப் பிடிக்க அடுப்புத் துணி வேண்டியிருந்தது. அவர் மனைவி கலா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த வீட்டு நிழலில் போய் உட்கார்ந்தார்.

1977இல் பிரிஸ்பேனிலிருந்தும் பேர்த்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், மண்டபம் கொள்ளவில்லை. கேள்விப்பட்டு ஒரு கிரேக்கரும் வந்தார். மீன்கடைக்காரர், நல்ல மனிதர், போக்கர் தெரிந்தவர். டொக்டர் ஏற்றியதும் அவர் தன் பாட்டுக்குக் காட்டு என்று கேட்கப்போனார். எங்கள் ஆட்கள் நாலு பேர் அவரைத் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிப்போய், மட்டன் ரோல்ஸ் கொடுத்து, விஷயத்தை விளங்கப்படுத்தினார்கள். அவர் உள்ளே வந்து கவிழ்த்தார். அவர் கடைக்கு மேலே அந்தக் குளிர்காலம் முழுக்க மழை.

இத்தனை பெரிய போட்டியில் எல்லாரையும்விடக் கூடுதலாகத் தோற்றவர் மகேந்திரராஜா. டண்டினோங்கில் பலகை வீடொன்றில் வாடகைக்கு இருந்தார், தபால் கந்தோரில் கடிதம் பிரித்தார். டிராம் அவர் காலில் ஏறினாலும் டிராமிடம் மன்னிப்புக் கேட்கக்கூடிய மனிதர். டொக்டருக்கு மட்டுமல்ல, தன்னைவிட ஒரு மாதம் மூத்தவர் ஏற்றினாலும் கவிழ்த்துவிடுவார். போட்டியில் சேர்ந்த வருடமே அந்தக் குளிர்காலத்து வெயில் போனது. அதை மீட்கப்போய் அடுத்த வருடத்து வெயில் போனது. பிறகு அதற்கடுத்ததும். விளையாடாமல் விட்டால் என்ன என்று கேட்கிறவர்கள் எங்களை அறியாதவர்கள். தலைவரும் மனைவியும் நேரில் வந்து, தட்டில் வெற்றிலை வைத்துச் சொல்லிவிட்டுப் போன பிறகு போகாமல் இருப்பதா? ஆட்கள் என்ன நினைப்பார்கள்? மகேந்திரராஜா அதற்குப் பயந்தார். நாங்கள் எல்லாருமே அதற்குத்தான் பயந்தோம், குளிருக்கு அல்ல.

அவருடைய மனைவி இரஞ்சிதம் நாலு வருடம் விசாவுக்குக் காத்திருந்து 1974இல் வந்தவர். அண்ணன்மார் ஐந்து பேரோடு கடதாசிச் சீட்டு விளையாடி வளர்ந்தவர். ரோவில் மண்டபத்தில் அவர் சீட்டைத் தொட்டதில்லை, பெண்களோடு குசினியில் நின்று ரோல்ஸ் சுற்றினார். அவருக்குச் சின்ன வயதிலிருந்து தொய்வு, மூச்சு இழுக்கும். ஊர் வெயிலில் அது அடங்கிக் கிடந்தது. டண்டினோங் வீட்டில் குசினித் தரையில் உறைபனி படிந்தது, விறாந்தையில் மூடுபனி நடந்து திரிந்தது, எண்ணெய் ஹீட்டரைப் போட்டால் அதுவும் குளிர்காற்றை ஊதியது. மகேந்திரராஜா வீடு மாறிப் பார்த்தார். தளபாட லொறிக்குப் பின்னால் முகிலும் வந்தது. இரக்கப்பட்டுத் திலகம் தங்கள் வீட்டு வெயிலில் கொஞ்சத்தை மூடிபோட்ட சட்டியில் கொண்டுபோனார். கேற்றைத் தாண்டியதும் அது வெறும் வெந்நீராகிவிட்டது. தோற்றுக் கொடுத்தால்தான் வெயில் கைமாறும். அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது. இந்த விதியை யாரும் எழுதவில்லை, விக்னராஜாவே எழுதவில்லை.

1978 ஜூன் முதல் வாரம் இரஞ்சிதம் மூன்று நாள் உட்கார்ந்தபடியே நித்திரைகொண்டார். டொக்டர் பார்த்தசாரதி வந்து முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். நீண்ட நேரம் கேட்டார். பிறகு மகேந்திரராஜாவைக் குசினிக்குள் கூப்பிட்டார். "இன்னொரு குளிர்காலம் இந்த வீட்ல இருந்தா இந்தப் பொண்ணு தாங்காதுப்பா. வெயில் இருக்கிற ஊருக்கு அனுப்பு. ஜூலைக்கு முன்னாடி அனுப்பு." இந்த நாட்டுக்குள் எங்கே போனாலும் முகில் பின்னால் வரும், வெயில் இருக்கிற ஊர் என்றால் யாழ்ப்பாணம்தான். போன வருடம்தான் ஊரில் கலவரம் நடந்திருந்தது. மகேந்திரராஜா கூடப் போனால் வேலையும் போகும், வதிவிட அனுமதியும் போகும். தனியாக அனுப்பினால் மறுபடி எப்போது எடுப்பது? இன்னும் நாலு வருடமா, எட்டு வருடமா? ஜூன் கடைசிக்கு ஒரு விமானச் சீட்டு எடுக்கப்பட்டது. டொக்டர் வீட்டுக்குத் திரும்பி வந்து காரை நிறுத்தி இறங்கும்போது உடம்பில் வெயில் சுளீரென்று பட்டது. அவர் காருக்குப் பக்கத்திலேயே வெகுநேரம் நின்றதாக நாகலட்சுமி பிறகு சொன்னார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லையாம். "நாகு, மருந்தை எழுதிக் கொடுத்துட்டு மருந்துக் கடையை நான் பூட்டி வச்சிருக்கேன்" என்றாராம்.

ஆகவே அந்த வருட மகாராணி பிறந்தநாளில் ரோவில் மண்டபத்துக்கு வந்த முன்னூறு பேரும் ஒரே எண்ணத்தோடு வந்தார்கள். மகேந்திரராஜாவிடம் தோற்க வேண்டும். அதைக் குழுக்கூட்டம் போட்டுப் பேசவில்லை. பேசியிருந்தால் இரண்டாகப் பிரிந்திருப்போம். தானாகவே அவரவர் மனத்தில் வந்தது, எங்கள் சரித்திரத்தில் இது ஒன்றுதான் அப்படி வந்தது. அவரைவிட இளையவர்கள் சுலபமாகத் தோற்றார்கள். குணசீலன் தன் கெட்டி வெயில் முழுவதையும் ஒரே கையில் தோற்றுவிட்டு, கலாவைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கலா கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் மூத்தவர்களிடம்தான் சிக்கல். அவர்கள் வேண்டுமென்றே குப்பைச் சீட்டை வைத்துக்கொண்டு பந்தயத்தை ஏற்றினார்கள், மகேந்திரராஜா காட்டு என்று கேட்டு வெல்லட்டும் என்று. அவரோ, "அண்ணை, நீங்கள் ஏத்தின பிறகு நான் என்னத்தை..." என்று கவிழ்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மூத்தவர்கள் புத்தியாக முதலிலேயே தாங்கள் கவிழ்க்கத் தொடங்கினார்கள். அன்றைக்கு உரைகளைப் பின்னுக்குத் தள்ளி நேரத்தோடே சீட்டை எடுத்திருந்ததால், மூன்று மணியளவில் எல்லாருடைய பொத்தான்களும் இரண்டே குவியலில் இருந்தன. ஒரு குவியல் மகேந்திரராஜாவிடம், மற்றது டொக்டரிடம்.

டொக்டருக்குக் கவிழ்க்கத் தெரியவில்லை. ஏழு வருடத்தில் ஒருநாளும் கவிழ்த்ததில்லை, அது எப்படிச் செய்வதென்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவுமில்லை. அவருக்குத் தெரிந்தது ஏற்றுவது ஒன்றுதான். ஏற்றினார். மகேந்திரராஜா கையில் நாலு ராஜா. பின்னால் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். நாலு ராஜாவையும் அவர் பவ்வியமாகக் கவிழ்த்தார். மண்டபம் முழுவதும் "ஐயோ" என்றது. அடுத்த கையில் டொக்டர் தன் குவியலை இரண்டு கையாலும் மேசை நடுவே தள்ளினார்.

"எல்லாத்தையும் வைக்கிறேன். ஏழு வருஷ வெயில். கேளுப்பா, காட்டுன்னு கேளு."

"நீங்கள் பெரியாள் ஐயா. நான் விடுறன்."

"விடாதேப்பா! தயவுசெஞ்சு ஒரு தடவையாவது என்னை நம்பாம இரேன்!"

டொக்டர் சத்தமே போட்டுவிட்டார்.  பெரிய மனிதர் தன்னால் குரல் உயர்த்த வேண்டியதாயிற்றே என்று மகேந்திரராஜாவுக்கு இன்னும் கூடுதலாக வெட்கம் வந்தது. சீட்டுகளைக் கவிழ்க்கக் கை நீட்டினார். அப்போதுதான் குசினிக் கதவைத் திறந்துகொண்டு இரஞ்சிதம் வந்தார். கை முழுக்க ரொட்டித் தூள், மூச்சு விசிலடித்தது, நாலு அடிக்கு ஒருமுறை நின்று நின்று வந்தார். புருஷனைக் கதிரையிலிருந்து எழுப்பவில்லை. கதிரையின் பாதியில் தானும் உட்கார்ந்து, அவர் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். சீட்டை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை.

"அவர் விடேல்லை. நான் பாக்கிறன். காட்டுங்கோ ஐயா."

டொக்டரின் முகம் மலர்ந்ததை நாங்கள் அன்றைக்குத்தான் பார்த்தோம். ஏழு வருடத்தில் முதல்முறையாக ஒருவர் கேட்டிருக்கிறார். "அப்பாடா! ஒண்ணுமே இல்லம்மா. ஒரு ஜோடி கூடச் சேரல" என்று சிரித்துக்கொண்டே ஐந்து சீட்டையும் மேசையில் விரித்தார். எல்லாம் சிவப்பு, எல்லாம் இதயம் போட்ட சீட்டு. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. ஒரே இனத்தில் ஐந்து சீட்டு வரிசையாக நிற்பதைப் போக்கரில் அசைக்க ஏறக்குறைய எதுவுமில்லை. டொக்டர் அதைச் சோடி இல்லாத குப்பை என்று நினைத்தார். போக்கர் ஆட்டம் அவருக்குத் தெரியவே தெரியாது. ஏழு வருடம் ஆட்டம் வென்றவருக்கு, மனத்தை அடக்குவது பற்றி உரையாற்றியவருக்கு, எந்தச் சீட்டு எதை வெல்லும் என்பது தெரியாது. நாங்களும் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை, அவரும் தெரிந்துகொள்ள வேண்டி வரவில்லை.

இரஞ்சிதம் தங்கள் சீட்டுகளைத் திருப்பினார். ஒரு சோடி நாலு, மற்றது ஒன்றுக்கும் உதவாதது. அவருக்கு ஆட்டம் தெரியும். சிவப்பு வரிசையைப் பார்த்தார், ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். "சரி, காரியமில்லை அண்ணை" என்று விக்னராஜாவுக்கு மட்டும் கேட்கிறமாதிரிச் சொல்லிவிட்டு, எழும்ப மேசையில் கை ஊன்றினார்.

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் விக்னராஜா. யாப்பில் ஒரு காற்புள்ளிக்காக ஒன்றரை வருடம் வாதாடியவர். சீட்டு கைதவறி விழுந்ததற்காகச் சொந்த மச்சானையே போட்டியை விட்டு வெளியேற்றி, தங்கையின் வாசல்படி மிதிக்க முடியாமல் இருந்தவர். அவர் குனிந்து டொக்டரின் சீட்டுகளைப் பார்த்தார், இரஞ்சிதத்தின் சீட்டுகளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். கண்ணாடி இல்லாமலே இன்னொருமுறை பார்த்தார்.

"இந்தப் பக்கம் ஒரு சோடி நாலு. டொக்டரிட்டச் சோடி இல்லை. இரஞ்சிதம் வெண்டிட்டா."

முன்னூறு பேரில் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. முன்மொழிவோர் இல்லை, வழிமொழிவோர் இல்லை, திருத்தமில்லை. எங்கள் ஆட்கள்! மகேந்திரராஜா மட்டும், நேர்மையான மனிதரல்லவா, "அண்ணை, அது வந்து ஒரே சாதியில..." என்று தொடங்கினார். குணசீலன் பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு முழு ரோல்ஸை எடுத்து அவர் வாய்க்குள் வைத்து, தாடையை மெல்ல மூடிவிட்டார். அதற்குள் யாரோ கைதட்ட, மண்டபமே எழுந்து நின்று தட்டியது. டொக்டர்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

ஆனால் பயம் போகவில்லை. பொய்த் தீர்ப்புக்கு வெயில் கட்டுப்படுமா? ஒரு பொத்தான் பிசகாமல் கணக்கு வைத்திருந்த வெயில் அது. நன்றியுரையைக்கூடக் கேளாமல் எல்லாரும் கார்களில் ஏறி, தூறலுக்குள்ளே வரிசையாக டண்டினோங்குக்குப் போனோம். தெருமுனை திரும்பியதும் முதல் கார் நின்றது. அந்தப் பலகை வீட்டின் தகரக் கூரையில், கழன்று தொங்கிய மழைத்தண்ணீர்ப் பீலியில், கேற்றில், கொடியில் மறந்துபோய் விட்ட துவாயில் எல்லாம் வெயில். ஏழு வருட வெயில் ஒரேயடியாக இறங்கியதில் வேலியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. இரஞ்சிதம் காரை விட்டு இறங்கி, நடைபாதையில் நின்று, மூச்சை உள்ளே இழுத்தார். விசில் இல்லை. இன்னொரு முறை இழுத்தார். மகேந்திரராஜா தெருவில் நின்று எல்லாருக்கும் முன்னால் வாய்விட்டு அழுதார், ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று அவர் அப்போது பார்க்கவில்லை. நாங்களும் அழுதோம், தூறலுக்குள் நின்றதால் அது அவ்வளவாகத் தெரியவில்லை.

விமானச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். செப்டம்பர் பொதுக்கூட்டத்தில் விக்னராஜா யாப்புக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: இப்போட்டியில் ஒரு சோடி நாலு ஏனைய எல்லாச் சீட்டுகளையும் வெல்லும், இவ்விதி 1971 முதல் அமலில் இருந்ததாகக் கொள்ளப்படும். டொக்டர் பார்த்தசாரதி அதை மகிழ்ச்சியோடு வழிமொழிந்தார், இதைப் போய் எழுதி வைக்க வேண்டுமா என்றும் கேட்டார். அடுத்த ஜூனில் போட்டி இன்னும் பெரிதாக நடந்தது. பேர்த்திலிருந்து வந்தவர்கள் அந்த விதியைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்கள். வானிலைக் கந்தோர்க்காரர் தடியோடும் குழாயோடும் டண்டினோங்குக்குப் போய், இடத்துக்கிடம் சிறு வித்தியாசம் இருப்பது வழமை என்றார். நகரசபை அந்த வீட்டு வாசலில் மட்டும் ஒரு நிழல்மரம் நட்டது.

டொக்டர் வீட்டில் இப்போது எல்லாரையும்போல மழை. நாகலட்சுமி பெட்டியில் கிடந்த காஷ்மீர்ச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு கடைக்கும் தெரிந்தவர் வீடுகளுக்கும் போய்வந்தார். டொக்டர் சந்தித்த எல்லாரிடமும், தான் வேண்டுமென்றே தோற்றதாகவும், அப்படித் தோற்பதற்கு வெல்வதைவிடக் கூடுதலான மூளை வேண்டும் என்றும் சொன்னார். நாங்கள் ஆமாம் ஐயா என்றோம். குளிர்கால ஞாயிறுகளில் மத்தியானம் அவர் டண்டினோங்குக்கு வருவார். நனைந்த கோட்டைக் கேற்றில் கழற்றிப் போட்டுவிட்டு, முற்றத்தில் இரஞ்சிதம் கொண்டுவந்து போட்ட கதிரையில் உட்கார்ந்து, இரஞ்சிதத்தின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்பார். ஒரு சத்தமும் இல்லை என்று சொல்லிவிட்டு, வெயிலில் காலை நீட்டிச் சற்றுநேரம் கண்ணயர்வார். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு கேற்றைத் திறந்து மழைக்குள் இறங்கி வீட்டுக்குப் போவார்.